தராசு முள் பூச்சியத்தில் நிற்கிறதா? உணர்ச்சியும் முடிவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, பின்னேரங்களில் இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் தம்பியின் போட்டோகொப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. சேமலாப நிதி, வங்கிக் கடன், பல்கலைக்கழக அனுமதி என்று எந்தப் படிவமாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு முடிவு இருக்கும். பாதிப்பேர் முடிவெடுத்துவிட்டு வருகிறார்கள். மீதிப்பேர் பேனாவை என் கையில் கொடுத்த பிறகுதான் யோசிக்கவே தொடங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிகசாலையில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அதனால்தான்.

இரண்டு இடத்திலும் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் மறுபடி சொல்லவில்லை.

உணர்ச்சிச் சார்புன்னா என்னாங்க டீச்சர்? கோவக்காரங்களுக்கு வர்றதா?

எல்லாருக்கும் வருவதுதான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். சாக்கைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன்பே முள் பூச்சியத்தைவிட்டு இரண்டு கிலோ தள்ளி நின்றால், அதன்பிறகு எவ்வளவு கவனமாக நிறுத்தாலும் கணக்குப் பிழைதான். தராசு உடையவில்லை, நிறுப்பவர் களவு செய்யவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கத்துக்குப் பிழைக்கும். ஒரு விஷயத்தை எடைபோடும் முன்பே பயமோ ஆசையோ கோபமோ பாசமோ வெட்கமோ மனதின் முள்ளைத் தள்ளி வைத்திருப்பதைத்தான் உணர்ச்சிச் சார்பு என்கிறார்கள்.

அந்த 'ஒரே பக்கம்' என்பதைக் கவனியுங்கள். கூட்டல் கழித்தலில் வரும் தவறு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். சார்பு அப்படி மாறாது. காக்கைக்குத் தன் குஞ்சு எப்போதும் பொன் குஞ்சுதான்; ஒருநாளாவது பித்தளைக் குஞ்சாகத் தெரிந்திருக்கிறதா?

அப்படின்னா உணர்ச்சியே இல்லாத ஆளு கரெக்டா முடிவெடுப்பாரா?

எடுக்கவே மாட்டார். அன்டோனியோ டமாசியோ என்ற நரம்பியல் வைத்தியர் 1994இல் எழுதிய புத்தகத்தில் எலியட் என்ற புனைபெயரில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். மூளையில் இருந்த கட்டியை அகற்றியபோது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி சேதமாகிவிட்டது. புத்திசாலித்தனப் பரீட்சைகளில் அந்த மனிதர் நன்றாகவே செய்தார். ஞாபகம், கணக்கு, பேச்சு எல்லாம் சரி. உணர்ச்சி மட்டும் மங்கிப்போனது. அதன்பிறகு வேலை, சேமிப்பு, குடும்பம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கைநழுவின. அதே மாதிரி சேதமுள்ள இன்னொரு நோயாளி, அடுத்த கிளினிக்குக்கு இந்த நாளா அந்த நாளா என்று கேட்டதற்கு ஏறக்குறைய அரை மணித்தியாலம் இரண்டு பக்கத்துக் காரணங்களையும் அடுக்கிக்கொண்டே இருந்தாராம். எந்த நாளும் அவருக்குள் 'இது போதும்' என்ற உணர்வைத் தரவில்லை.

டமாசியோவின் குழு சீட்டுக்கட்டு விளையாட்டு ஒன்றையும் வைத்துப் பார்த்தது. நான்கு கட்டுகள். இரண்டில் பெரிய லாபம் வரும், ஆனால் அதைவிடப் பெரிய நட்டம் ஒளிந்திருக்கும். மற்ற இரண்டில் சிறிய லாபம், சிறிய நட்டம். சாதாரண ஆட்களுக்கு, மோசமான கட்டு எது என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே, அதன்மேல் கை போகும்போது உள்ளங்கை வியர்த்தது. எவ்வளவு முன்பே என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. ஆனால் அந்த மூளைப் பகுதி சேதமானவர்களுக்குக் கை வியர்க்கவும் இல்லை, அவர்கள் மோசமான கட்டை விடவும் இல்லை. ஆகவே முள்ளைப் பிடுங்கி எறியச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முள் இல்லாத தராசு எதற்கு?

மனசு சாஞ்சிருக்குன்னு நமக்கே தெரியாமலா போகும்?

பெரும்பாலும் தெரியாது. உணர்ச்சி வரும்போது 'நான் இங்கிருந்து வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. காலையில் வீட்டில் நடந்த சண்டையின் எரிச்சல், மத்தியானம் வங்கியில் நிற்கும்போது 'இந்தக் கடன் சரிவராது' என்ற எண்ணமாக உடை மாற்றிக்கொள்ளும்.

1983இல் நோர்பெர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்ட் க்ளோர் என்ற இருவர் அமெரிக்காவில் தொலைபேசியில் ஆட்களை அழைத்து, வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். வெயில் நாளில் பதில் சொன்னவர்களைவிட மழை நாளில் பதில் சொன்னவர்கள் குறைத்துச் சொன்னார்கள். ஆனால் முதலில் 'உங்கள் ஊரில் காலநிலை எப்படி?' என்று கேட்டுவிட்டுக் கேட்டால் அந்த வித்தியாசம் மறைந்தது. மனம் மழையைக் கண்டுபிடித்ததும், 'ஓ, இது வாழ்க்கை இல்லை, மழை' என்று கணக்கைத் திருத்திக்கொண்டது. நேர்மையாகச் சொல்வதென்றால், பின்னாளில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை எடுத்துப் பார்த்தபோது காலநிலையின் பாதிப்பு தெளிவாகத் தெரியவில்லை. எங்களுக்கும் அது நல்ல செய்திதான். ஆடி மாதத்து மழையை நம்பி முடிவெடுப்பதென்றால் ஹட்டனில் யாருக்கும் கல்யாணமே நடக்காது.

மழை ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வியைத்தான்: இந்த உணர்வு இந்த விஷயத்திலிருந்து வந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா? படிவம் நிரப்பும்போது கொஞ்சம் தயங்குபவர்களிடம் இதைத்தான் கேட்கிறேன். சிலர் பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தம்பிக்கு வியாபாரம் நட்டம்.

பயம், கோவம், துக்கம் எல்லாம் ஒண்ணுதானே? எல்லாமே புத்தியக் கெடுக்குறதுதானே?

கெடுக்கிற விதம் வேறு. ஜெனிஃபர் லெர்னர், டாக்கர் கெல்ட்னர் என்ற உளவியலாளர்கள் 2001இல் காட்டியது இது: பயத்தில் இருப்பவர் ஆபத்தைக் கூட்டிப் பார்க்கிறார், கோபத்தில் இருப்பவர் ஆபத்தைக் குறைத்துப் பார்க்கிறார். இரண்டும் கசப்பான உணர்ச்சிகள்தான், ஆனால் முள்ளை எதிரெதிர்ப் பக்கம் தள்ளுகின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது முதலாவது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இரண்டாவது. நம் ஆட்கள் இரண்டையும் தனித்தனியாகவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

காலையில் தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார் என்று அன்றைக்கே வேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்கு பஸ் ஏறியவர்களை எனக்குத் தெரியும். தங்க இடம், சாப்பாடு, ஹோட்டல் வேலையின் நேரம், ஒன்றும் அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியாது. 'பார்த்துக்கலாம்' என்ற தைரியம் கோபம் கொடுத்த கைமாற்று. கொழும்பை நெருங்கும்போது அது தீர்ந்துவிடும். சிலருக்கு அந்தப் பயணம் நன்மையாகவே முடிந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

துக்கம் இன்னொரு மாதிரி. துக்கத்தில் இருப்பவர் தன் பொருளைக் குறைந்த விலைக்கு விற்கிறார், புதிதாக வாங்கும் பொருளுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார் என்று லெர்னரும் வேறு இருவரும் 2004இல் எழுதினார்கள். இருப்பதை மாற்றிவிட்டால் பாரம் குறையும் என்று மனம் நினைக்கிறது. சாவு வீட்டுக்கு மாடு விலை பேச வருகிறவனுக்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை. அவனுக்கு இது முன்பே தெரியும். கருமாதி முடியும்வரை எதையும் விற்காதீர்கள்.

சிறுத்தை நடமாட்டம்னு சொல்றாங்க. பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பாம வச்சிருக்கேன். தப்பா?

பயப்படுவது தப்பில்லை. தேயிலை மலையில் சிறுத்தை இருக்கிறது, நாய்களைப் பிடித்துக்கொண்டு போகிறது, எல்லாம் உண்மை. ஆனால் இலங்கையில் சிறுத்தை மனிதரைக் கொல்வது மிக அரிது. ஆபத்து பெரும்பாலும் மற்றப் பக்கத்தில். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை கம்பித் தடத்தில் மாட்டி, மீட்கப்பட்டும் சில நாட்களில் செத்துப்போனது.

கொழுந்து பறிக்கிறவர்களின் உயிரைத் திரும்பத் திரும்ப எடுத்திருப்பது குளவி. அநேகமாக ஒவ்வொரு தோட்டத்திலும் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குளவிக்குப் பல்லும் நகமும் இல்லை, இரவில் கண் மின்னாது, போனில் வீடியோ சுற்றாது. எந்தக் காட்சி மனதில் சட்டென்று வருகிறதோ அதுவே அடிக்கடி நடப்பதாக நமக்குத் தோன்றும். 1973இலேயே ஆமொஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற உளவியலாளர்கள் இதை எழுதினார்கள். கூடவே பயமும் சேர்ந்தால் முள் இன்னும் தள்ளும்.

இது சும்மா போவதில்லை, விலை இருக்கிறது. 2001 செப்டெம்பர் 11 விமானத் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் பலர் விமானத்தை விட்டுக் காரில் போனார்கள். அடுத்த 12 மாதங்களில் அதனால் மட்டும் ஏறத்தாழ 1,500 பேர் கூடுதலாக வீதி விபத்துகளில் இறந்ததாக கெர்ட் கிகெரென்சர் என்ற உளவியலாளர் கணித்தார். எங்கள் பக்கத்திலும் பார்த்தேன். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த வாரம், எங்கள் வீதியில் ஒருவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனார். பஸ்ஸில் போகப் பயமாம். உங்கள் பிள்ளையை நாலைந்து பிள்ளைகளோடு சேர்த்து, வெளிச்சம் வந்த பிறகு ஒரு பெரியவரோடு அனுப்புங்கள். வீட்டில் வைத்திருந்தால் போகும் படிப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

போட்ட காச விட்டுட்டு எப்படி வர்றது?

இந்தக் கேள்வியை அதிகமாகக் கேட்பவர்கள் மரக்கறித் தோட்டக்காரர்களும் 'ஒன்லைன் பிஸ்னஸ்'காரர்களும். கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் முன்வைத்த கோட்பாடு இதற்கு அடிப்படை: இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் சந்தோஷத்தைவிடப் பெரியது. பிறகு அவர்களே அளந்தபோது ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வந்தது. ஆயிரம் ரூபா வீதியில் கிடந்து எடுத்தால் பின்னேரத்துக்குள் மறந்துவிடும். ஆயிரம் ரூபா தொலைந்தால் ராத்திரி தூக்கம் வராது.

இழப்பை ஒத்துக்கொள்வது அவ்வளவு வலிப்பதால், ஒத்துக்கொள்ளாமல் இருக்க இன்னும் காசு போடுகிறோம். கரட் விலை விழுந்து, பிடுங்குகிற கூலிக்கும் லொறிக் கூலிக்கும்கூடக் கட்டாது என்று தெரிந்தும், 'ஆறு மாசம் உரம் போட்டு வளர்த்தேனே' என்று பிடுங்கி ஏற்றுவார்கள். போட்ட உரம் போனது போனதுதான். ஏற்றினாலும் வராது, ஏற்றாவிட்டாலும் வராது. இன்றைக்குக் கேட்க வேண்டியது இனிமேல் போடும் கூலி திரும்பி வருமா என்பது மட்டும்.

எனக்கே நடந்தது. கூட வேலை செய்த ஒருவர் சொல்லி, ஆள் சேர்க்கச் சேர்க்கக் காசு வரும் என்ற திட்டம் ஒன்றில் பணம் போட்டேன். மூன்றாம் மாதமே விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் 'இன்னும் ஒரு தடவை போட்டால் முதல் எடுத்துவிடலாம்' என்று இரண்டு தடவை போட்டேன். முதலில் போனது ஆசையில். பிறகு போனது வெட்கத்தில். வீட்டில் சொல்ல வேண்டுமே! இந்த மாதிரி பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. அது அன்றைக்கும் எனக்குத் தெரியும்.

ஒரே விஷயத்த மாத்திச் சொன்னா நாம ஏமாந்துருவோமா? நாம என்ன சின்னப் பிள்ளையா?

வைத்தியர்களே ஏமாந்திருக்கிறார்கள். 1982இல் வெளியான ஓர் ஆய்வில் நுரையீரல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையா கதிர்வீச்சா என்று கேட்டார்கள். சத்திரசிகிச்சை செய்தால் '100 பேரில் 90 பேர் முதல் மாதம் உயிரோடு இருப்பார்கள்' என்று சொன்னபோது வைத்தியர்களில் 84 சதவீதம் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். '100 பேரில் 10 பேர் முதல் மாதத்தில் இறப்பார்கள்' என்று சொன்னபோது 50 சதவீதம்தான். இரண்டும் ஒரே கணக்கு. 'இறப்பு' என்ற சொல் காதில் விழுந்ததும் முள் நகர்ந்துவிட்டது.

கடையிலும் இதே கதை. 'மாதம் 6,000 ரூபா கட்டினால் போதும்' என்று சொல்லி போன் விற்பவர், மொத்தம் எவ்வளவு என்று சொல்வதில்லை. எதையும் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். கிடைப்பதாகச் சொன்னதை இழப்பதாக, மாதக் கணக்கை வருடக் கணக்காக. திருப்பிச் சொன்னதும் மனம் மாறுகிறதென்றால் நீங்கள் கணக்கைப் பார்க்கவில்லை, சொல்லைப் பார்த்திருக்கிறீர்கள்.

அப்போ சிங்களத்துல யோசிச்சா சரியா வருமா?

வாசிகசாலையில் ஒரு பையன் விளையாட்டாகக் கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி பொருத்தமானது. 2012இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் போவாஸ் கெய்சாரும் கூட இருந்தவர்களும், மேலே சொன்ன மாதிரியான சொல்மாற்றுக் கேள்விகளைச் சிலருக்குத் தாய்மொழியிலும் சிலருக்குப் படித்துக்கற்ற மொழியிலும் கொடுத்தார்கள். கற்ற மொழியில் பதில் சொன்னவர்களிடம் அந்தத் தடுமாற்றம் காணாமல் போனது. கொரியர்கள் ஆங்கிலத்தில் யோசித்தபோதும் அப்படித்தான். தாய்மொழிச் சொல்லில் அம்மா ஏசியதும் கொஞ்சியதும் ஒட்டியிருக்கும். வகுப்பில் படித்த மொழியில் அது குறைவு.

ஆனால் சிங்களம் எங்களில் பலருக்கு வகுப்பில் படித்த மொழி இல்லை. விளையாடி, சண்டை போட்டு, சந்தையில் பேரம் பேசிப் பழகிய மொழி. அதிலும் உணர்ச்சி ஒட்டியிருக்கும். அந்தப் பையனுக்கு இங்கிலீஷில் யோசித்துப் பார்க்கச் சொன்னேன். அதற்கு முதலில் இங்கிலீஷ் படிக்க வேண்டுமே என்றான்.

ஏஜென்சிக்காரர் நம்ம ஊரு ஆளு, நல்ல மனுசன். அவரு பொய் சொல்வாரா?

நல்ல மனுசனாகவே இருக்கலாம். ஆனால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப அவருக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. போல் ஸ்லோவிக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 2000ஆம் ஆண்டு காட்டியதுபோல, நமக்குப் பிடித்த விஷயத்தில் நன்மை அதிகம், ஆபத்து குறைவு என்று நாமே சேர்த்துக்கொள்கிறோம். பிடிக்காததில் தலைகீழ். அவசரப்படுத்தினால் இது இன்னும் கூடும். அதனால்தான் 'நாளைக்குள்ள காசு கட்டணும்' என்கிறார்கள்.

அவர் உங்கள் மாமாவின் சாவுக்கு வந்து தோள் கொடுத்தது உண்மை. அந்த நன்றி உண்மையான இடத்திலிருந்து வந்தது, ஆனால் வேறு விஷயத்திலிருந்து வந்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஏஜென்சியின் அனுமதி இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். நல்ல மனுசன் அதற்குக் கோபிக்க மாட்டார்.

சேமலாப நிதிக் காசு வந்தா பேங்க்லயே போட்டு வைக்கணும்னுதான் இருந்தேன். எப்படித்தான் செலவாச்சுன்னே தெரியல.

பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் அந்தக் காசு கைக்கு வருகிறது. சம்பளத்தில் மாதாமாதம் 8 சதவீதம் பிடித்து, கம்பனி 12 சதவீதம் போட்டு, முப்பது வருடம் சேர்ந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக லட்சக் கணக்கில் பார்க்கிறோம். அன்றைக்கு வீட்டில் இருக்கும் சந்தோஷம், சொந்தக்காரர்களின் அன்பு, தம்பி மகனுக்கு ஆட்டோ வாங்க ஆசை, கோயில் திருவிழா உபயம், எல்லாம் ஒரே வாரத்தில்.

நிதானமாக இருக்கும்போது போடும் திட்டம், உணர்ச்சி சூடான நேரத்தில் நாம் எப்படி இருப்போம் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஜோர்ஜ் லோவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அதனால் படிவம் நிரப்பும் அன்றைக்கே, காசு வருவதற்கு முன்பே, எவ்வளவு நிலையான வைப்பில், எவ்வளவு கையில் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்கிறேன். அப்புறம் கேட்பவர்களிடம் 'டீச்சர் எழுதி வாங்கிட்டாங்க' என்று சொல்லலாம். பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

படிச்சவங்களுக்கு இது குறைவா இருக்குமா?

வைத்தியர்கள் பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள். படித்தவர்கள் எடுத்த முடிவுக்கு நல்ல காரணம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். எமிலி ப்ரோனினும் மற்றவர்களும் 2002இல் எழுதியது: மற்றவரின் சார்பு நமக்குத் தெளிவாகத் தெரியும், நம்முடையது தெரியாது. பத்து வருடம் கழித்து வந்த இன்னோர் ஆய்வில், யோசிக்கும் திறன் அதிகம் உள்ளவர்களிடமும் இந்தக் குருட்டுப் புள்ளி குறையவில்லை.

மண்சரிவு எச்சரிக்கை குடுத்தும் ஆளுங்க லயத்த விட்டுப் போக மாட்டேங்கிறாங்களே, இதுவும் உணர்ச்சிச் சார்புதானே?

இந்தக் கேள்வி பெரும்பாலும் டவுனில் இருப்பவர்களிடமிருந்து வருகிறது.

ஓரளவுக்கு ஆமாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். பத்துத் தடவை மஞ்சள் வந்து ஒன்றும் நடக்காவிட்டால் பதினோராவது தடவை மனம் அசையாது. இது சிறுத்தைக் கதையின் மறுபக்கம்: கண்ணால் காணாத ஆபத்து லேசாகத் தெரிகிறது. தாத்தா நட்ட கொய்யா மரம், வாசலில் கட்டியிருக்கும் ஆடு, சாமிப் படம் என்று லயம் என்கிற அந்தத் தோட்டத்து வரிசை வீட்டின் மேல் இருக்கும் பாசமும் இழுக்கிறது.

ஆனால் 2014 அக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நினைத்துப் பாருங்கள். அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 'எச்சரித்தும் போகவில்லை' என்று டவுனில் பலர் சொன்னார்கள். எங்கே போவது? லயம் அவர்களுடைய சொத்து இல்லை, காணி இல்லை, வேறு இடத்தில் வாடகைக்குப் போனால் தோட்ட வேலை இல்லை. ஒரு ராத்திரி பாடசாலையில் தங்கலாம், பத்து ராத்திரி தங்க முடியுமா? வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. இதையெல்லாம் எடைபோட்டுத்தான் ஒருவர் இருக்கிறார் என்றால், அவருடைய தராசு சரியாகவே இருக்கலாம். தட்டில் வைக்க வேறொன்றும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

வழி இல்லாதவர் எடுக்கும் முடிவை 'உணர்ச்சிவசப்பட்டது' என்று சொல்வது, சொல்பவரின் சார்பு. தூரத்தில் இருந்து பார்க்கும்போது மற்றவரின் குணம் தெரிகிறது, அவர் நிற்கும் சரிவு தெரிவதில்லை. எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது, ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி சிவப்பு எச்சரிக்கை வந்தால் யோசிக்க ஒன்றும் இல்லை. ஆட்டையும் அவிழ்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

சரி, இதெல்லாம் தெரிஞ்சு நாங்க செய்ய வேண்டியது என்னா?

மூன்றாம் பதிலில் சொன்ன கேள்வியை முதலில் கேளுங்கள். நான் சொல்லிக் கொடுப்பதில் ஆட்களுக்கு அதிகம் பிடித்தது பக்கத்து லயத்துக்காரர் வித்தை: இதே பிரச்சினையோடு பக்கத்து லயத்து ஆள் வந்தால் என்ன சொல்வீர்கள்? தன் பிரச்சினையைவிட நண்பரின் பிரச்சினையில் ஆட்கள் நிதானமாக யோசிக்கிறார்கள் என்பதை 2014இல் ஈதன் க்ராஸும் இகோர் க்ராஸ்மனும் காட்டினார்கள். கடையில் தினமும் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லும் புத்தி எல்லாருக்கும் பிரமாதமாக வருகிறது.

பெரிய முடிவுக்கு கேரி க்ளைன் என்ற உளவியலாளர் சொன்ன வழி உண்டு. முடிவெடுத்துவிட்டோம், ஒரு வருடம் போய்விட்டது, எல்லாம் நாசமாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் நாசமானது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுவது. வீட்டில் பெரியவர் முன்னால் வாய் திறக்காத மருமகள்கூட இதில் எழுதிவிடுவார். அபசகுனம் என்று சிலர் ஒத்துக்கொள்வதில்லை, அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. குறைந்தது ஒரு ராத்திரி தூங்கிவிட்டு வரச் சொல்கிறேன்.

எல்லாம் சரி டீச்சர். மகள வெளிநாட்டுக்கு அனுப்பவா வேணாமா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.

என்னிடம் கேட்காதீர்கள். என் அக்கா குவைத்துக்குப் போய் ஆறு வருடம் இருந்தார். திரும்பி வந்தபோது எங்கள் அம்மா உயிரோடு இல்லை. பாஸ்போட் விண்ணப்பத்தைக் கண்டாலே எனக்கு அந்த நாள்தான் வரும். உங்கள் மகள் வேறு, அவள் போகும் வீடு வேறு, காலம் வேறு, இப்போது போனில் முகம் பார்த்துப் பேசலாம். எல்லாம் தெரிந்தும் என் முள் பூச்சியத்துக்கு வருவதில்லை.

அதனால் இந்தக் கடையில் பாஸ்போட் விண்ணப்பத்தை மட்டும் தம்பி நிரப்பிக் கொடுப்பார். ஆனால் அவரை நம்பி அப்படியே கையெழுத்து வைத்துவிடாதீர்கள். இந்தப் போட்டோகொப்பி மெஷின் அக்கா அனுப்பிய காசில் வந்தது. அவருடைய முள் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்.